அந்தப் பந்து அவுட் என்று நான் சொன்னது பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். தங்கள் நலத்தையும், சம்பந்தி அவர்களின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

முதலில் ஒரு திருத்தம். டென்னிஸ் லீக்கின் கடைசிப் போட்டியில் நான் தங்களை மட்டையால் அடித்துவிட்டேன் என்று நம் இரு வீட்டிலும் பேச்சு அடிபடுகிறது. நேற்று என் மகனே வந்து, "ஏம்மா, போயும் போயும் என் மாமியாரையா அடிச்ச?" என்று கேட்டான். நான் தங்களை மட்டையால் அடிக்கவில்லை. பந்தால் அடித்தேன். ஐந்து முறை என்பதும் தவறு, மூன்று முறை. நான்காவது, எதிர்த்தரப்பினர் அடித்தது. ஐந்தாவது நடக்கவே இல்லை. நான் சர்வீஸ் போடும்போது வலைக்கருகில் நிற்பவர் குனிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். தாங்கள் ஒழுங்காகத்தான் குனிகிறீர்கள். பந்து வரும் நேரம் பார்த்து, "போட்டாச்சா?" என்று நிமிர்கிறீர்கள். இதில் என் குற்றம் எங்கே வந்தது?

இந்த லீக்கில் சேர வேண்டும் என்று நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. தங்கள் மகள்தான், "அத்தை, வீட்ல உக்காந்து எங்க ரெண்டு பேரையும் திருத்திட்டே இருக்கீங்களே, வெளியில போய் நாலு பேரத் திருத்துங்களேன்" என்று படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்கம்மாவும் சும்மாதான் இருக்காங்க" என்று ஜோடியையும் அவளே முடிவுசெய்தாள். அந்தப் படிவத்தில் ஆடுபவர் தம் திறமையைத் தாமே மதிப்பிட வேண்டும். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். அங்கே எங்களை யாரும் அளவுக்கு மீறிப் புகழ்ந்ததில்லை. ஆகவே எனக்கு "நன்று, இன்னும் முயலலாம்" என்று எழுதினேன். தங்கள் கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடுமே என்று "ஆர்வம் உண்டு, கவனம் போதாது" என்று நிரப்பினேன். செயலாளர் அதை எல்லார் முன்னிலும் உரக்க வாசிப்பார் என்று நான் கண்டேனா?

இனி அந்தப் போட்டிக்கு வருகிறேன். அதற்கு முன் நாம் நான்கு போட்டிகளில் வென்றிருந்தோம். மூன்றில் எதிரணி வரவில்லை. நான்காவதில் வந்தார்கள், ஆனால் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஐந்தாவதையும் வென்றால் முதலிடம். எதிரில் மருந்துக்கடைக்காரம்மாவும் அவருடைய ஓரகத்தியும். குடும்பத்தில் ஒற்றுமை வரட்டும் என்று அவர்களுடைய மாமியார் சேர்த்துவிட்ட ஜோடி அது. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் போகும் பந்தை "நீ எடு" என்று சொல்ல வாய் வராமல் இருவரும் அதை வழியனுப்பிக்கொண்டு நின்றதால், நாம் பாட்டுக்கு நடுவிலேயே அடித்து, இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அப்போது தாங்கள் ஒரு பந்து அடித்தீர்கள். அந்தப் பருவம் முழுவதும் தாங்கள் கண்ணைத் திறந்துகொண்டு அடித்த ஒரே பந்து அதுதான் என்பதை மறுக்க மாட்டேன். அது அவர்கள் இருவரையும் தாண்டி மூலையில் விழுந்தது. அவர்கள் மட்டையை இடுக்கிக்கொண்டு கைகொடுக்க வலைக்கே வந்துவிட்டார்கள். நான் "அவுட்" என்றேன்.

மருந்துக்கடைக்காரம்மா திகைத்துப் போய், "எங்க பக்கம் விழுந்த பந்துங்க. நாங்களே உள்ளதான்னு சொல்றோம், உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். நம் லீக்கில் நடுவர் கிடையாது. தம் தரப்பு அடித்த பந்து வெளியே போனதைக் கண்ணால் கண்டவர் தாமே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதைச் சொன்னேன். அதன் பிறகு தாங்கள் பந்தைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு புள்ளிகூட நமக்கு வரவில்லை, தோற்றோம். "கை குடுக்க வந்தவங்களத் திருப்பி அனுப்புற மனுஷிய இன்னிக்குத்தான் பாக்குறேன்! இனிமே உங்களோட ஆடுனா என்னை ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். என் தண்ணீர்ப் புட்டியும் வீட்டுச் சாவியும் அந்தக் காரில் இருந்தன. நான் எதிரிகளின் காரில் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. "இடது பக்கம் திரும்பச் சொல்லுங்க" என்று ஒருவர் என்னிடம் சொல்ல, "எனக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்று மற்றவர் என்னிடம் சொல்ல, வழி நெடுக நானே வாயாக இருந்தேன்.

அடுத்த பருவத்துக்கான படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதான் கடைசி நாள். ஜோடியில் இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். இதைக் கெஞ்சல் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஜோடி கிடைக்காமல் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரம்மா ஒருவரைச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அவர் பந்து எங்கே போனாலும் ஓடிப்போய் எடுக்கிறார், எதிர்த்துப் பேசுவதே இல்லை. அரை மணி நேரம் ஆடிப் பார்த்தேன். அலுப்பாக இருந்தது. ஆனாலும் நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதாக இல்லை. அந்தப் பந்து அவுட். உண்மையை உண்மை என்று சொன்னதற்காக நான் யாரிடமும் வருத்தம் தெரிவிக்க முடியாது.

சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகனின் தாயார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. அந்தப் பந்து கோட்டின் மேலேயேதான் விழுந்தது. கோட்டுச் சுண்ணாம்பு பறந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். முதலிடம் பெறும் ஜோடியைப் பிரித்து, மேல்பிரிவில் ஆளுக்கொரு புதியவரோடு சேர்ப்பார்களாம். நீங்கள் பலகைப் பக்கமே போவதில்லை. உங்கள் பந்து காற்றில் இருக்கும்போது அந்தத் தாள் ஞாபகம் வந்தது, வாய் முந்திக்கொண்டது. என் ஆயுளில் நான் விளையாட்டில் சொன்ன முதல் பொய் இது. மிக அருமையான அடி அது, சம்பந்தியம்மா. கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். சனிக்கிழமைக்கு முன் எனக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.