குழந்தை நக்கினாலும் பரவாயில்லாத ஷேவிங் சோப்பு

முதல் குழந்தை பெற்றவள் கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைத்தான் படிப்பாள். புரிந்தால் சந்தேகம் வரும். புரியாவிட்டால் பயம் வரும். எனக்கு இரண்டும் வந்தது. அதை என் தம்பி சரவணன் தன் முகத்தில் சுமந்தான்.

என் மகள் யாழினிக்குக் காது குத்துவதென்று முடிவாகி, திருப்பரங்குன்றத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். யாழினிக்கு ஒரு பழக்கம்: தூக்குகிறவர்களின் கன்னத்தை நக்குவாள். தாய்மாமன் அன்று காலை பளபளவென்று ஷேவ் செய்துகொண்டுதான் உட்காருவான். வலியில் அழும் குழந்தை அந்தக் கன்னத்தில்தான் வாயை வைக்கும். அதில் என்ன பூசியிருப்பான்? என் கணவருடைய ஷேவிங் ஃபோம் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. (நான் வேதியியல் பட்டதாரி என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவமானப்பட உதவும்.)

ஆகவே, நானே ஷேவிங் சோப்பு செய்வதென்று தீர்மானித்தேன். கட்டி சோப்பு. தோலுக்கு ஊட்டம் தருவது, குழந்தை நக்கினாலும் பரவாயில்லாதது. (சோப்பையே நக்கலாமா என்ற கேள்வி எனக்கு ஏனோ வரவில்லை.)

விழாவுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருந்தது. சரவணனுக்கு நந்தினி என்ற பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. முறைப்படி பெண் பார்க்கும் முன், சும்மா விழாவுக்கு வந்ததுபோல் வந்து பையனைப் பார்த்துவிட்டுப் போவதாகப் பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். பொருந்தாத ஜாதகங்களையே பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த அம்மாவுக்கு அது சாமி கொடுத்த வரம். சரவணனோ நந்தினியின் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாழினி தூங்கிய ஒரு மதியம் வேலையைத் தொடங்கினேன். உருக்கி ஊற்றும் கிளிசரின் சோப்புக் கட்டியைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோல் வறண்டுவிடுமோ? பாதாம் எண்ணெய் ஊற்றினேன். அது போதுமா? தேங்காய் எண்ணெயும் ஊற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கரண்டி நெய். பிளேடு வழுக்கிக்கொண்டு போக முல்தானி மெட்டி. வெட்டுப்பட்டால்? கஸ்தூரி மஞ்சள். பாக்கெட்டைப் பிரித்ததும் கலப்படமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அதைத் தள்ளிவைத்து, மாமியார் சமையலுக்குக் காயவைத்து அரைத்த விரலி மஞ்சள்தூளைத் தாராளமாகக் கொட்டினேன். கஸ்தூரி மஞ்சள் முகத்தில் ஒட்டாது, குழம்பு மஞ்சள் ஒட்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கலப்படம் இல்லை என்ற நிம்மதியில் மறந்துபோனது.

அச்சு இல்லாததால் பணியாரச் சட்டியில் ஊற்றினேன். இறுகியதும் செங்கல் நிறத்தில், வெல்லப் பணியாரம் மாதிரியே வந்தது. எங்கள் வில்லாபுரம் வீட்டுக்குள் நுழைந்த கணவர் ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார்.

"ஐயோ, அது ஷேவிங் சோப்பு! நாளைக்கு நீங்க போட்டுப் பாருங்களேன்."

"எனக்கு எதுக்கு? மாப்ளைக்குத்தானே செஞ்ச. மொதல்ல மாப்ள போடட்டும். அதுதான் மரியாதை," என்று தட்டில் வைத்துவிட்டார்.

விழா நாளன்று சரவணன் விடியற்காலையிலேயே ஆனையூரிலிருந்து சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கேயே குளித்துக்கொள்வதாகச் சொன்னவன் கையில் என் தயாரிப்பைக் கொடுத்தேன்.

"என்னக்கா, பணியாரத்தக் குடுத்துக் குளிக்கச் சொல்ற?"

"ஷேவிங் சோப்புடா. அம்புட்டும் இயற்கை."

"என்ட்ட நல்ல ஃபோம் இருக்குக்கா."

"அதுல என்னென்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. இது வரைக்கும் ஒண்ணும் பண்ணலையே."

என் கண் கலங்கிவிட்டது. அவன் அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான்.

"அக்கா, நுரையே வரல."

"தேய்டா, வரும்."

"தேச்சுட்டேன்க்கா."

"இன்னும் நல்லாத் தேய்!"

சொன்னபடி நன்றாகத் தேய்த்திருந்தான். வெளியே வந்தபோது நெற்றியும் மூக்கும் அவனுடையவையாக இருந்தன. அதற்குக் கீழே கழுத்துவரை மஞ்சள். பாதிச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்து நிறுத்தியதுபோல் கோடு வேறு.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவு," என்றேன். கழுவினான். மஞ்சள் ரத்தச் சிவப்பானது. அப்போதுதான் எனக்குப் படித்த படிப்பு நினைவுக்கு வந்தது. மஞ்சள் காரத்தில் சிவக்கும். சோப்பு காரம். (நான் ஆரத்தி கரைப்பதே மஞ்சளில் சுண்ணாம்பு போட்டுத்தான்.) அப்படியானால் அமிலம் போட்டால் சரியாகிவிடும்! சமையற்கட்டுக்கு ஓடி எலுமிச்சம்பழம் வாங்கிவந்து அவன் கன்னத்தில் பிழிந்தேன். சிவப்பு உடனே போய்விட்டது. முன்பைவிடப் பிரகாசமான மஞ்சள் வந்துவிட்டது.

வாசலில் பெண் வீட்டார் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாழினியின் பவுடரை எடுத்து அவன் முகத்தில் அப்பினேன்.

"என்னடி பண்ணித் தொலச்ச எம்புள்ளைய?" என்றார் அம்மா, எல்லாருக்கும் கேட்கும் ரகசியக் குரலில்.

சரவணன் மனையில் உட்கார்ந்தான். யாழினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தை நக்கவெல்லாம் இல்லை. மண்டபம் அதிர அலறினாள். காது குத்த வந்த ஆசாரி பதறிப்போய், "இன்னும் நான் தொடவே இல்ல தாயி!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

ஒருவழியாகக் குத்தி முடிந்தது. முன்வரிசையில் இருந்த நந்தினியின் பெரியம்மா எழுந்து வந்தார்.

"தம்பி, இங்குட்டு வாங்க. கண்ணக் காட்டுங்க. எம்புட்டு நாளா இருக்கு இது?"

"எது அத்தை?"

"காமாலைதான். ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா?"

நந்தினி பக்கத்திலேயே நின்றாள். சரவணன் தரையைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

"காமாலை இல்லைங்க, ஷேவிங் சோப்பு. நான்தான் செஞ்சேன்," என்று தொடங்கி, பாதாம் எண்ணெய் முதல் விரலி மஞ்சள் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"சோப்புல யாராச்சும் நெய் ஊத்துவாகளா?" என்றார் பெரியம்மா. அவருக்கு இப்போது பையனின் ஈரலைவிட அக்காளின் புத்தியைப் பற்றித்தான் சந்தேகம்.

நந்தினி முதல்முறையாக வாய் திறந்தாள். சரவணனிடம் கேட்டாள்: "வேற யாரும் மொதல்ல போட்டுப் பாக்கலையா?"

"அக்கா மாமாவக் கேட்டுச்சு. அவரு தப்பிச்சுட்டாரு."

"நீங்க ஏன் தப்பிக்கல?"

"அக்கா கண்ணு கலங்கிருச்சு."

அவள் சிரிக்கக் கூடாது என்றுதான் முயன்றாள். துப்பட்டாவால் வாயை மூடியும் தோள் குலுங்கியது. அதைப் பார்த்து அவனும் சிரித்தான். பவுடர் உதிர்ந்தது.

ஆனால் பெரியம்மா விடுகிற ஆளில்லை. "எதுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த வாரம் எங்கள் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு போனது. அதுவும் பொருந்தியது.

அன்றிலிருந்து சரவணன் ஷேவ் செய்வதில்லை. தாடியோடுதான் தாலி கட்டினான். எங்கள் குடும்பத்தில் அதற்கு 'அக்கா வளர்த்த தாடி' என்று பெயர். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அவனைப் பார்த்து, "என்ன மாப்ள, தாடி பலமா இருக்கு, சாமிக்கு வேண்டுதலா?" என்று கேட்டார்.

அவன் வாயில் சோறு இருந்தது. நந்தினிதான் பதில் சொன்னாள், எதிர்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டே.

"இல்லண்ணே, பாதுகாப்புக்கு."