கேட்டைத் தாண்டாத வண்டி

பச்சை நிறத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எல்லாப் பச்சையும் இல்லை. வயல், வாழையிலை, புதினா சட்னி இவற்றோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது. கம்பெனிகளில் மிஷின்களுக்கு அடிப்பார்களே, டப்பாவில் ‘ஆப்பிள் கிரீன்’ என்று எழுதியிருக்குமே, அந்தப் பச்சை. (எந்த ஆப்பிளும் அந்த நிறத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.) அதைப் பார்த்தால் இன்றைக்கும் காது இரண்டும் சூடாகிவிடும்.

என் பெயர் சாலமன். ஞானத்துக்குப் பேர்போன ராஜாவின் பெயர். வைத்தவர்கள் மேல் தப்பில்லை, தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் பார்த்து இவன் இப்படி ஆவான் என்று யாருக்குத் தெரியும்? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற ஒரு கம்பெனி. அதில் லேத் ஆபரேட்டர் வேலை. பக்கத்துத் தெருக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்த எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. உலகமே நமக்காகத்தான் சுற்றுகிறது என்று நினைக்கிற பருவம்.

அப்போதுதான் ஆரணியில் ஒரு பழைய வண்டி விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். சின்ன என்ஜின், உருண்டை டேங்க், பலகை மாதிரி தட்டையான சீட்டு. போய்ப் பார்த்தபோது வண்டி மேல் நாலைந்து கோழிகள் உட்கார்ந்திருந்தன. ஹேண்டில் பாரில் இருந்த சேவல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

“ஒரே கை வண்டிபா. எங்க நைனா ஓட்டுனது. அவரு போனதுக்கப்புறம் கோழிங்கதான் ஏறுச்சி, வேற ஒருத்தன் கை வெக்கல” என்றார் விற்கிற ஆள்.

“உதைச்சா கிளம்புமா?”

“கிளம்பும்.”

“எத்தினி உதைக்கு?”

“அது உன் காலப் பொறுத்துதுபா.”

டூல் பாக்ஸில் முட்டை இருந்தது. ஏர் ஃபில்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஆர்.சி. புத்தகம் செத்துப்போன நைனா பெயரிலேயே இருந்தது. இத்தனையும் பார்த்துவிட்டு நான் சொன்ன வார்த்தை, “சூப்பரா இருக்குதுண்ணே.” கேட்ட விலையைக் கொடுத்தேன். முட்டையை மட்டும் அவர் திருப்பி வாங்கிக்கொண்டார்.

வண்டியைப் படம் பிடித்து எஸ்தருக்கு அனுப்பினேன். கிண்டல் பண்ணுவாள் என்றுதான் நினைத்தேன். உடனே போன் வந்தது.

“கல்யாணத்தன்னிக்கு கோயில்லருந்து ஊட்டுக்கு இதுலயே போலாமா?”

“கார் சொல்லியிருக்காங்களே, பூவெல்லாம் வெச்சி.”

“கார்ல கண்ணாடி ஏத்திக்கினு போனா எவனுக்கு என் மூஞ்சி தெரியும்? எனுக்கு பெரிய தெரு வழியா வண்டில போவணும்.”

பெரிய தெரு என்றால் எஸ்தர் ஊரின் பெரிய தெரு. சர்ச்சுக்கும் அவர்கள் குடியிருப்புக்கும் நடுவில் இருப்பது. அவளுடைய அப்பா வயசுப் பையனாகக் களத்து வேலைக்குப் போன காலத்தில், அந்தத் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருமுறை மறந்து ஏறி வந்தவரை இறக்கி, சைக்கிள் காற்றைப் பிடுங்கி விட்டிருக்கிறார்கள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, எஸ்தரின் அம்மா சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அவள் போனில் இதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில், வண்டியை அன்றைக்கே உதைத்துக் கிளப்பி அந்தத் தெருவில் போய்வர வேண்டும் போல இருந்தது. உதைத்தேன். கிளம்பவில்லை. கால் வீங்கியதுதான் மிச்சம்.

சரி, மெக்கானிக்கிடம் விட்டால் முடிந்தது. அறிவுள்ளவன் அதைத்தான் செய்வான். எனக்கு ஞானம் வேறு விதமாக வேலை செய்தது. கம்பெனியில் லேத் இருக்கிறது, பஃபிங் வீல் இருக்கிறது, துருவை ஊதித் தள்ளுகிற பிளாஸ்டிங் மிஷின் இருக்கிறது. எல்லாம் நம் கையில்தானே? எங்கள் கம்பெனியில் உள்ளே போகிறவனை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். வெளியே வருகிறவனுடைய டிபன் பாக்ஸைத்தான் திறந்து குழம்பு வரைக்கும் கிளறுவார்கள். ஆகவே வண்டியைக் கழற்றி, சாப்பாட்டுப் பையிலும் தோள் பையிலுமாக ஒவ்வொரு பாகமாக உள்ளே கொண்டுபோனேன். சேஸிஸ் மட்டும் வார்ப்பட லோடு கொண்டுவரும் டெம்போவில், வார்ப்படங்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு நேரத்திலும் ஷிப்ட் முடிந்த பிறகும் தேய்த்தேன். சைலன்ஸரைப் பஃபிங் போட்டதில், குனிந்தால் என் பல்லு தெரிந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும், மேனேஜரைத் தவிர. எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தோடு சத்தமாக ஷெட்டுக்குப் பின்னால் வைத்துக் கிளப்பிப் பார்த்தோம். ஒரே உதை. டுபுடுபுடுபு. நான் நிஜமாகவே அழுதேன் (புகை என்று சொல்லி வைத்தேன்).

வெளியே எடுப்பதற்கும் திட்டம் இருந்தது. ஷிப்ட் விட்டதும் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே நேரத்தில் கேட்டை நோக்கிப் பாயும். பையைத்தான் சோதிப்பார்கள், வண்டியை யார் சோதிப்பார்கள்? கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் ஆயுத பூஜை. அதற்கு அப்புறம் கல்யாணம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கல்யாணப் புடவை எடுக்க எல்லோரும் ரயிலேறி வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். வண்டியைக் கோணிப்பை போட்டு மூடி, மிஷின்களுக்கு நடுவில் நிறுத்தியிருந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனியில் என்ன நடக்கும் என்பது வருஷா வருஷம் அங்கேயே வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெள்ளைப் புடவையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று எஸ்தரின் சித்தி விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஷெட்டுக்குள் நுழைந்தேன். எல்லா மிஷினும் பளபளவென்று பச்சை. கோணிப்பை அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. என் வண்டியும் பச்சை.

டேங்க் மட்டுமா? சீட்டு பச்சை. டயர் பச்சை. ஹெட்லைட் கண்ணாடி, மீட்டர், நம்பர் பிளேட், என் பல்லு தெரிந்த சைலன்ஸர், எல்லாம் பச்சை. ஹேண்டில் பாருக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. முன் சக்கரத்தில், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சிவப்பு அம்புக்குறி. வண்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் கட்டம். டேங்கில் ‘கையுறை அணியவும்’ என்று ஸ்டிக்கர். அதற்குக் கீழே, வெள்ளை எழுத்தில், கம்பெனியின் மிஷின் நம்பர்.

நான் போட்ட கூச்சலில் பெயிண்டர் மேஸ்திரி ஓடி வந்தார்.

“இது பைக்குய்யா! கண்ணு தெரியலியா?”

“ஷெட்டுக்குள்ள நிக்கிறது அத்தினிக்கும் பச்சை அடிக்கச் சொன்னாங்க சார். அடிச்சோம்.”

“சக்கரம் இருக்குதேய்யா!”

“சக்கரம் வெச்ச மிஷினு இங்க எவ்ளோ நிக்கிது. நாங்க இன்னாத்த கண்டோம்?”

“மீட்டர் கண்ணாடி மேல கூட அடிச்சி வெச்சிருக்கீங்களே!”

“ரெண்டு கோட்டு சார்” என்றார் அவர், பெருமையாக.

அவரை அடிக்கக் கை ஓங்கினேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஓங்கியிருப்பேன். ஆனால் அதற்குள் ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து, மிஷின் நம்பர்களை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டு, என் வண்டியின் நம்பரையும் குறித்துக்கொண்டு, “இது இன்னா மிஷின்?” என்று கூடக் கேட்காமல் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னால்தான், சொந்த வண்டியைத் துடைக்க ஒரு பிடி பஞ்சு எடுத்துப் போன பையனை வேலையை விட்டுத் துரத்தியிருந்தார்கள். பஞ்சுக்கே அந்தக் கதி என்றால் லேத், பிளாஸ்டிங், பஃபிங் எல்லாவற்றையும் பயன்படுத்திய எனக்கு? கல்யாணத்துக்கு முன்னால் வேலை போன மாப்பிள்ளையாக எஸ்தர் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பச்சையாகவே இருக்கட்டும், கேட்டைத் தாண்டிவிட்டால் தின்னர் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம் என்று சாயங்காலம் கூட்டத்தோடு கிளம்பினேன். ஒரே உதையில்தான் கிளம்பியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கறுப்பும் சிவப்புமான வண்டிகளுக்கு நடுவில் பச்சைக்கிளி மாதிரி கேட் வரைக்கும் வந்துவிட்டேன். செக்யூரிட்டி சீனு அண்ணன் கையைக் காட்டினார்.

“நைனா, மிஷின ஓட்டிக்கினு எங்க போற?”

“அண்ணே, இது என் வண்டிண்ணே.”

“உன் வண்டில கம்பெனி நம்பரு இன்னாத்துக்கு?”

“பெயிண்டருங்க தெரியாம போட்டுட்டாங்க.”

“செரி, போட்டுட்டாங்க. வண்டி உள்ள வந்ததுக்கு எண்ட்ரி இருக்கும்ல, காட்டு.”

நான் என்ன காட்டுவேன்? சாப்பாட்டுப் பையையா?

“எண்ட்ரி இல்லாம உள்ள வராது. உள்ள வராதது வெளிய போவாது. கேட் பாஸ் கொண்டா, உடறேன்” என்றார். பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. எவனோ “மிஷின ஓரம் கட்டுபா!” என்று கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள். வண்டியைத் திருப்பி ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மஞ்சள் கட்டத்துக்குள் சரியாக நிறுத்தினேன். மறுநாள் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்குப் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். சாப்பிட்டேன், வேறு என்ன செய்ய?

எஸ்தரிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் “கேட்டத் தாண்டலியா?” என்று மட்டும் கேட்டாள்.

“தாண்டல.”

“செரி. அப்பா சைக்கிள் இருக்குது.”

“கோட்டு சூட்டு போட்டுக்கினு சைக்கிளா?”

“உனுக்கு இஷ்டம் இல்லன்னா மிஷினு மேல ஏறி வா” என்று போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் பூ வைத்த கார் நின்றது. அதில் எஸ்தரின் சித்தியும் பலகாரக் கூடைகளும் ஏறின. நான் கோட்டோடு சைக்கிளில் உட்கார்ந்தேன், எஸ்தர் வெள்ளைப் புடவையும் முக்காட்டுத் துணியுமாகக் கேரியரில். அந்த சைக்கிளை அதற்கு முன் நான் ஓட்டியதே இல்லை. பெரிய தெருவுக்குள் நுழைந்தோம். வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எஸ்தர் முக்காட்டை விலக்கி முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். சரியாகத் தெருவின் நடுவில் செயின் கழன்றது.

“எஸ்தர், எறங்கு. செயின மாட்டிடுறேன்.”

“எறங்க மாட்டேன்.”

“ரெண்டு நிமிஷம்தான்!”

“இந்தத் தெருவுல நான் எறங்க மாட்டேன். நீயும் எறங்கக் கூடாது.”

காலை ஊன்றிக்கொண்டு, வியர்த்து வழிய, உலகத்திலுள்ள எல்லாப் பெயிண்டர்களையும் மனதில் திட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கேரியரைப் பிடித்தார்.

“ரெண்டு பேரும் எறங்காதீங்க. குந்திக்கினு வாங்க” என்றார்.

தள்ளினார். அன்பாகத் தள்ளினார் என்று நினைத்துவிடாதீர்கள். தெரு முடிகிற வரைக்கும் திட்டிக்கொண்டே தள்ளினார். “கம்பெனில போயி பைக்கு ரிப்பேரு பண்றானாம்! கடைல குட்தா இன்னாவாம்? பெரிய இன்ஜினீயரு! குனிஞ்சி ஓட்றா, ஹேண்டில நேரா புடி!” என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார். அந்தத் தெருவில் அவர் அத்தனை சத்தமாகப் பேசியதே இல்லை என்று மாமியார் பிறகு சொன்னார். தெரு முனையில் நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் தெருவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் செயினை மாட்டிக் கொடுத்தார்.

வண்டி இன்னும் ஷெட்டிலேயே நிற்கிறது. அதற்கு மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிறார்கள், எதற்கு என்று கேட்க ஆளில்லை. வருஷா வருஷம் பச்சை ஏறுகிறது. கோட்டு மேல் கோட்டாக ஏறி இப்போது டேங்க் முன்னைவிடக் குண்டாக இருக்கிறது. வீட்டில் நான் எதைச் சொன்னாலும், வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றாலும், வாஷிங் மெஷின் வாங்கலாம் என்றாலும், மாமனார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கேட்டத் தாண்டுமா மாப்ள?”

ஆயுத பூஜையன்று குடும்பத்தை உள்ளே விடுவார்கள். போன முறை எஸ்தரும் எங்கள் மகளும் வந்தார்கள். எஸ்தர் நேராகப் போய் அந்தத் தட்டைச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். மகள் ஏறி உட்கார்ந்து, “ஊட்டுக்கு இதுலயே போலாம்பா” என்று அடம் பிடித்தாள். தூக்கி இறக்கினால், அவளுடைய வெள்ளைக் கவுன் பின்பக்கம் முழுக்க ஆப்பிள் கிரீன். பெயிண்ட் காயவே இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. மேஸ்திரியைத் தேடினேன், அவர் நல்ல வேளையாகப் பொரி வாங்கிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார்.

வெளியே வரும்போது சீனு அண்ணன் வழக்கம்போலப் பையைப் பார்த்தார். பிறகு கவுனைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, கம்பெனி பெயிண்ட்ட வெளிய எடுத்துக்கினு போறீங்க?”

“உடுங்கண்ணே” என்றாள் எஸ்தர், மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. “இத்தினி வருஷத்துல இதாவது கேட்டத் தாண்டட்டும்.”