பன்னிரண்டு பேர், இருபத்து நான்கு பெயர்

கார்த்திகேசன் அந்தச் சுற்றறிக்கையை மூன்றாவது தடவையும் படித்துப் பார்த்தார். அப்போதும் அது மாறவில்லை.

'ஒரே மாணவர் ஒரே பாடத்தில் இரண்டு சான்றிதழ்கள் பெற்றிருந்தால், பள்ளியின் தரப் புள்ளிக்கு ஒன்று மட்டுமே எண்ணப்படும். எதை முதலில் எழுதினாரோ அதுவே எண்ணப்படும்.'

எது நல்லதோ அதை எண்ணுவோம் என்று போட்டிருந்தால் யார் குடி முழுகிப்போகும்? சன்னலுக்கு வெளியே ரங்கூனின் லான்மடாவ் வட்டாரம் முழுக்க ஆகஸ்டு மழை. எதிர்வரிசைக் கடைகளெல்லாம் கட்டு அவிழ்ந்து மெல்ல ஆற்றுப் பக்கம் மிதந்து போவதாக அவருக்குப் பட்டது. கார்த்திகேசன் அப்படித்தான். கவலை வந்தால் ஊருக்கெல்லாம் தூக்கம் போகும், இவருக்குத் தூக்கம் வரும்.

"சயா!"

தலைமையாசிரியை டோ மியாவின் குரல். இந்த ஊரில் வாத்தியார்கள் எல்லோரும் சயாதான், வாத்தியாரம்மாக்கள் சயாம; பெயருக்கு முன்னால் வரும் 'டோ' நம் 'அம்மா' மாதிரி. அந்த அம்மாள் பேசுவது பர்மியம். நாம் நம் வசதிக்குத் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

"படிச்சீங்களா சயா? நம்ம தமிழ் என்னாகுது?"

கார்த்திகேசன் அந்தத் தனியார் பள்ளியில் பரீட்சைக் குமாஸ்தா. வாரத்தில் மூன்று நாள், பகல் இரண்டிலிருந்து நான்கு வரை, தமிழ் வாத்தியாரும் அவரே. பன்னிரண்டு பிள்ளைகள். போன வருடம் டோ மியாவுக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தமிழ்ச் சான்றிதழ் எதற்கு? முதல்மொழித் தமிழ் என்று ஒரு பரீட்சை இருக்கிறது, இரண்டாம்மொழித் தமிழ் என்று இன்னொன்று இருக்கிறது, இரண்டையும் எழுதினால் புள்ளி இரண்டு மடங்கு! நவம்பரில் முதல்மொழி எழுதினார்கள். பர்மியத்தில் கனவு காணும் பிள்ளைகள். வினாத்தாளைப் பார்த்து மிரண்டு, டி-யும் இ-யுமாகத் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். ஜூனில் இரண்டாம்மொழி எழுதினார்கள். பதினொரு பேருக்கு ஏ, ஒருவனுக்கு பி.

"நவம்பரத்தான் எண்ணுவாங்களாம்," என்றார் கார்த்திகேசன்.

"ஜூன முன்னால கொண்டுவர வழியில்லியா?"

"காலண்டர நானா அடிக்கிறேன், சயாம?"

டோ மியா பெருமூச்சு விட்டார். "பள்ளியோட புள்ளியக் கீழ இழுக்கிற பாடத்த மூடிருவாங்க சயா. போன வருசம் இன்னொரு கிளையில இசை வகுப்ப மூடினாங்க. பியானோ எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல."

கார்த்திகேசன் சுற்றறிக்கையை மடித்து மேசைக்குள் தள்ளினார். பதினொரு வருடமாக அந்த வகுப்புதான் அவருக்கு உயிர். மற்ற நேரமெல்லாம் படிவங்களுக்கு நடுவே அரைத்தூக்கத்தில் இருக்கும் மனிதர், இரண்டு மணி அடித்ததும் விழித்துக்கொள்வார். ஒரு பிள்ளை திக்கித் திணறி ஒரு முழு வாக்கியத்தைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். அந்த வகுப்பு போய்விட்டால் மிச்சம் இருப்பது படிவங்கள்தான். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் நடையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழி பிறந்தது.

"சூ வாய்!" என்று வகுப்பறையிலிருந்து ஒரு பர்மியத் தோழி கூப்பிட்டாள். தமிழ் வகுப்பு ஷாரோன் திரும்பினாள்.

"ஷாரோன்!" என்று மாடிப்படியிலிருந்து அதே வகுப்பு டேனி கூப்பிட்டான். அதே பெண் மறுபடி திரும்பினாள்.

ரங்கூன் தமிழர்களில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான், அடையாள அட்டைக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கு வேறொரு பெயர். கார்த்திகேசனே அட்டையில் ஊ ஜோ தெய்ன். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. இதுவரை.

'ஒரே மாணவர்' என்றுதானே சுற்றறிக்கை சொல்கிறது? நவம்பர் சான்றிதழ் அட்டைப் பெயரில் இருக்கட்டும். ஜூன் சான்றிதழ் வீட்டுப் பெயரில் போகட்டும். இரண்டும் எண்ணப்படும்; குறைந்ததை நிறைந்தது தூக்கிவிடும். பொய் ஒன்றும் இல்லையே, இரண்டும் அந்தப் பிள்ளையின் பெயர்தானே! கார்த்திகேசன் கணினி முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டு வீட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாக ஆசையோடு தட்டினார். அந்தப் பள்ளியின் கணினிக்குள் அந்தப் பெயர்கள் போனது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

கணினி சற்று யோசித்துவிட்டு, பள்ளியின் தரப் புள்ளி முப்பத்து மூன்று என்றது.

போன வருடம் நாற்பத்தாறு.

"சயா!" டோ மியா அலறிக்கொண்டு வந்தார். "என்ன செஞ்சீங்க? நம்ம பள்ளியில கடைசி வகுப்புக்கு முப்பது பிள்ளைங்க. இதுல நாப்பத்திரண்டுன்னு வருதே! இந்தப் பன்னிரண்டு பேரு யாரு? எட்டுப் பாடம் எழுதணும், ஆளுக்கு ஒண்ணுதான் எழுதியிருக்காங்க, சராசரி போச்சு. இப்பிடி ஒரு சோம்பேறிக் கூட்டத்த எங்கேருந்து புடிச்சீங்க?"

கார்த்திகேசன் விளக்கினார். டோ மியா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அழிச்சிருங்க."

"சேத்தா அழிக்க முடியாது சயாம. பள்ளிய விட்டுப் போயிட்டாங்கன்னு வேணும்னா போடலாம்."

"அப்ப போகச் சொல்லுங்க!"

போகச் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. ஏன் போனார்கள் என்று கணினி காரணம் கேட்டது. 'வெளிநாடு' என்று அழுத்தினார். கடவுச்சீட்டு எண் கொடு என்றது. 'நோய்' என்று அழுத்தினார். மருத்துவர் கடிதம் கொடு என்றது. அதற்கு அடுத்த காரணத்தைப் படித்ததும் "ஐயையோ, பிள்ளைங்க நூறு வயசு இருக்கணும்" என்று கையை இழுத்துக்கொண்டார். கடைசியில் ஒன்று இருந்தது. 'மடத்தில் சேர்ந்து துறவு பூண்டார்.'

பௌத்தர்களின் மழைக்காலத் தவ மாதங்கள் நடந்துகொண்டிருந்தன. பையன்கள் சில நாளுக்குத் தலை மழித்துக் காவி கட்டி மடத்தில் இருந்துவிட்டு வருவது அங்கே வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அதனாலோ என்னவோ, அந்தக் காரணத்துக்குக் கணினி எதுவும் கேட்கவில்லை. மிகுந்த மரியாதையோடு பன்னிரண்டு பேரையும் அனுப்பிவைத்தது.

புள்ளி நாற்பத்தாறு. ஏன் கூடவில்லை, ஏன் குறையவில்லை என்று கேட்கிற ஆளா அவர்? "தப்பிச்சோம்டா சாமி" என்று நாற்காலியில் சாய்ந்தார். மழைச்சத்தத்துக்குள் அவருடைய பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு படகில் ஏறி, தங்கள் இரண்டாவது பெயர்களைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, சூலே பகோடாவைச் சுற்றி மிதந்து போவதாகக் கனவு வந்தது. நல்ல கனவு. பாதியில் டோ மியா எழுப்பினார்.

"தலைமை அலுவலகத்துலேருந்து, புள்ளி போடுற டோ நுவே பேசினாங்க சயா." அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "போன்லயே அழுதுட்டாங்க."

"ஏன்?"

"சந்தோசத்துல! ஒரே கிளையிலேருந்து ஒரே நாள்ல பன்னிரண்டு பேர் துறவு பூணுறதுன்னா சும்மாவா? வெள்ளிக்கிழம நேர்ல வராங்க. பன்னிரண்டு பேருக்கும் அவங்க கையால சாப்பாடு, பன்னிரண்டு காவி உடுப்பு. அஞ்சு கிளைக்கும் பேரோட சேதி அனுப்பிட்டாங்களாம்."

"பேரோடயா?"

"வீட்டுப் பேரோட."

சேதி அன்று சாயங்காலமே தமிழர்கள் வாழும் மிங்கலா தாங்ஞுன்ட் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் டேனியின் அம்மா செலின், சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு அலுவலகத்துக்குள் புகுந்தாள். அவள் பின்னால் டேனி, தலைநிறைய முடியோடு, சமோசா தின்றுகொண்டு நின்றான்.

"கார்த்தி அண்ணே! எம் மகன எந்த மடத்துல சேத்தீங்க?"

"இதோ உன் பின்னாலதானேம்மா நிக்கிறான்."

"நிக்கிறான்னு எனக்குத் தெரியுது. பாஸ்டருக்குத் தெரியுமா? மூணு தடவ போன் பண்ணிட்டாரு. என் மாமியா நேத்துலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. கோயர்ல பாடுற பையன் அண்ணே இவன்! நம்ம கோயில் தெருவுல மூணு வீட்டுல அழுகையாம், போய்ப் பாருங்க."

கார்த்திகேசன் நடந்ததைச் சொன்னார். செலின் பாதிக் கோபத்தோடும் பாதிச் சிரிப்போடும் கேட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. தோன்றாமல் இருந்திருக்கலாம். "வெள்ளிக்கிழம ஒரு மணி நேரந்தான். பிள்ளைங்க தலைய மட்டும் கொஞ்சம் மழிச்சுக்கிட்டா..."

"எனக்கு ஓகே சயா," என்றான் டேனி.

"செருப்பு பிஞ்சிரும்," என்றாள் செலின் மகனிடம். அண்ணனுக்கும் சேர்த்துத்தான் என்பது பார்வையில் தெரிந்தது. "பன்னிரண்டுல அஞ்சு பொட்டப் பிள்ளைங்க, யோசிச்சீங்களா? இந்தத் தமிழ் வகுப்பால என் பையன் அவன் தாத்தா எழுதின பைபிள் குறிப்பெல்லாம் இப்ப வாசிக்கிறான் அண்ணே. அந்த நன்றிக்காகத்தான் நான் கத்தாம இருக்கேன்."

இதுதான் கத்தாமல் இருப்பது என்றால் கத்துவது எப்படி இருக்கும் என்று கார்த்திகேசன் ஒரு நிமிடம் யோசித்தார். ஆனால் அவள் சொன்ன கடைசி விஷயம் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இனி பொய் வேண்டாம். வருகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, காலில் விழுந்தாவது வகுப்பைக் காப்பாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. ஈரத் தெருவில் வெயில் பட்டு ஆவி கிளம்ப, அதன் நடுவே டோ நுவே வெள்ளைச் சட்டையும் கணுக்கால் வரை லுங்கியுமாக மிதப்பதுபோல நடந்து வந்தார். பின்னால் இரண்டு பேர் சோற்று அண்டாக்களையும் குழம்பு வாளிகளையும் சுமந்து வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், பன்னிரண்டு காவி மூட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைமை அலுவலகத்தின் கணினிக்காரர் பர்கத்துல்லா. கார்த்திகேசனின் தெருக்காரர்தான்.

டோ மியாவுக்குத் திடீரென்று தலைவலி வந்து உள்ளே போய்விட்டார்.

"துறவிகள் எங்கே?" என்றார் டோ நுவே மெல்லிய குரலில்.

கார்த்திகேசன் கைகட்டி நின்று, நவம்பரில் ஆரம்பித்து சமோசா வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னார். "தப்பு என்னோடது. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. அந்த வகுப்ப மட்டும் மூடிராதீங்க. பன்னிரண்டு பிள்ளைங்களும் தங்கம். அவங்களுக்கு வேற இடம் இல்ல, எனக்கும் இல்ல."

சூலே பக்கமிருந்து புறாக்கள் ஒரு கூட்டமாக வந்து சன்னல் விளிம்பில் இறங்கின. டோ நுவே சிரித்தார்.

"சமைச்சது ஆறுதே. பிள்ளைங்களக் கூப்பிடுங்க."

தலைநிறைய முடியோடு பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டோ நுவே தன் கையாலேயே ஒவ்வொரு தட்டிலும் சோறு வைத்தார். பெயர் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பெயரையும் சொன்னது. அவர் இரண்டையும் திருப்பிச் சொல்லிப் பார்த்து, தலையாட்டி, இன்னொரு கரண்டி வைத்தார். டேனி மூன்றாவது தடவையும் தட்டை நீட்டினான். கார்த்திகேசனுக்கு உடம்பு பஞ்சுபோல ஆகிவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பது மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்ல வகுப்பு," என்றார் டோ நுவே. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "இதையெல்லாம் நாங்க கவனிக்காம விட்டது தப்பு. முதல்ல எழுதின பரீட்சை எதுன்னு சொன்னீங்க, நவம்பரா? அதுல என்னென்ன எடுத்தாங்க?"

இனி பொய் இல்லை என்று முடிவு செய்தவர் அல்லவா? பன்னிரண்டு பேருடைய டி-யையும் இ-யையும் மனப்பாடமாக ஒப்பித்தார். டோ நுவே வரிசையாக எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டி, ஒரு நீளப் பட்டியலின் கடைசியில் இன்னும் என்னவோ எழுத ஆரம்பித்தார்.

கார்த்திகேசன் பர்கத்துல்லாவின் காதருகே குனிந்தார். "தம்பி, அம்மா என்ன எழுதுறாங்க? என் வேலைக்கு உலை வைக்கிறாங்களா?"

"சேச்சே, புள்ளிக்கான பாடப் பட்டியல்ல தமிழச் சேக்கறாங்க சயா, இனிமே இந்த நவம்பர் மார்க்கும் எண்ணிக்கைக்கு வரும்," என்றார் பர்கத்துல்லா. "இத்தன வருசமா நாங்க எண்ணுற பாடத்துலயே அது கெடையாது, எண்ணாத பாடத்த மூடணும்னு யாருக்குத் தோணும்?"