தாடி வரிசையில் ஒன்பது பிரபுக்கள்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மாவின் தையல் மெஷின் மூவரும் சௌக்கியம். அங்கே உங்களுக்கும் சித்திக்கும் சித்தியின் முழங்காலுக்கும் குறை எதுவும் இருக்காது என்று நம்புகிறேன். போனில் நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் நான் "ம்" மட்டும்தான் சொல்வேன் என்பது தெரிந்ததுதான், அதனால் கடிதம். அருங்காட்சியகத்தில் நான் ஒரு கோமகனைப் பார்த்துக் கத்திவிட்டேன் என்று தகவல் வந்து, இரண்டு நாளாக உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாமே. கத்தியது உண்மைதான். முழுக்கப் படித்துவிட்டு, பிறகு சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

நீங்கள் வாங்கித் தந்த இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உங்களிடம் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் வாசித்தால் "உள்ளேன்" சொல்ல எனக்கு வாய் திறக்காது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாதி வருஷம் வராதவளாக இருந்து, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இங்கே அந்தத் தொல்லை இல்லை. காலையில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும், படச் சட்டங்களைத் தூசி தட்ட வேண்டும், சாயங்காலம் ஜன்னல்களை மூட வேண்டும். சுவரில் இருப்பவர்கள் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு, பெரிய கூடத்தை வெள்ளையடித்துத் திறக்கும் நாளன்று, என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று கண்காணிப்பாளர் அம்மா முடிவு செய்வதாகப் பேச்சு. அந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் எனக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்தது.

அந்தக் கூடத்தில், முன்பு இது மாளிகையாக இருந்தபோது இங்கே வாழ்ந்தவர்களின் படங்கள் ஒன்பது. இந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு எப்போதும் ஒரே பெயர்தான். மூத்தவன் செத்துப்போனால் அடுத்தவன் தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே அண்ணன் தம்பிக்கும் அதே பெயர். சரி, பட்டத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், முதலில் இவர்கள் சீமான்கள், பிறகு ராஜா மனம் குளிர்ந்து பிரபு ஆக்கினார், அதற்குப் பிறகு கோமகன் ஆக்கினார். ஒவ்வொரு தடவை உயரும்போதும் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எனவே இரண்டாம் சீமான், இரண்டாம் பிரபு, இரண்டாம் கோமகன் என்று ஒரே பெயரில் மூன்று பேர். ஆனால் மூன்றாம் சீமானும் முதலாம் பிரபுவும் ஒரே ஆள், பட்டம் உயர்ந்ததும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இன்னொரு படம் வரைந்துகொண்டார். எல்லாருக்கும் ஒரே மூக்கு வேறு. யார் யார் என்று சொல்வது படத்துக்குக் கீழே இருக்கும் பித்தளைத் தகடு மட்டும்தான்.

வெள்ளையடிக்கப் படங்களை இறக்கியபோது, தகடுகளைக் கழற்றி விளக்கி வைக்கும்படி கண்காணிப்பாளர் அம்மா சைகையிலேயே காட்டினார். நான் ஒன்றும் மடத்தனமாகச் செய்யவில்லை சித்தப்பா. ஒன்று முதல் ஒன்பது வரை துண்டுக் காகிதத்தில் எழுதி, படத்தின் பின்னால் ஒன்று, தகட்டின் பின்னால் ஒன்று என்று ஒட்டினேன். பிறகு தகடுகளை அப்படியே பளபளப்பு மருந்துத் தொட்டியில் ஊறப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தகடுகள் தங்கம் மாதிரி மின்னின, என் காகிதங்கள் கஞ்சியாக மிதந்தன.

படங்களை மாட்ட வந்த தச்சர் மாமாவிடம் தகடுகளையும் தொட்டியையும் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "இதுக்கா முழிக்கற? மூஞ்சியப் பாரு பாப்பா. தாடி நீளமா இருக்கறவன் பழைய ஆளு. நாளாக ஆகத்தான் மனுஷன் சவரம் பண்ணக் கத்துக்கிட்டான்" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. முட்டி வரை தாடி வைத்தவர் முதலாம் சீமான். மார்பு வரை வைத்தவர் இரண்டாமவர். இப்படியே குறைந்துகொண்டு வந்து, கன்னத்தில் மட்டும் முடி, மீசை மட்டும், அதுவும் இல்லை என்று ஒன்பதாவது இடத்தில் முயல் குட்டியைப் பிடித்த ஒரு பையன், அவன்தான் மூன்றாம் கோமகன். தூரத்திலிருந்து பார்த்தால் சவரக் கடை விளம்பரம் போல இருந்தது.

மறுநாள் வழிகாட்டி அண்ணன் ஒரு கூட்டத்தை ஒத்திகைக்காக அழைத்து வந்தார். அவர் இருபது வருஷமாகப் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகட்டு வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, எட்டு அடிக்கு ஒரு தடவை நின்று பிரம்பைப் பின்னால் நீட்டிப் பேசுகிறவர். "இதோ, போரில் வலது கண்ணை இழந்த மாவீரர், இரண்டாம் பிரபு!"

கண்ணாடி போட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "ரெண்டு கண்ணும் இருக்கே அங்கிள்?"

அண்ணன் திரும்பவே இல்லை. "போருக்குப் போறதுக்கு முன்னாடி வரைஞ்சதும்மா. அடுத்து, பதினோரு வயதிலேயே மறைந்த இளந்தளிர், இரண்டாம் கோமகன்!"

அங்கே வழுக்கைத் தலையும் மூன்று தாடையுமாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. "என்ன சீக்கோ பாவம்" என்றார் ஒரு அம்மாள்.

அன்றைக்கே கண்காணிப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அவர் அறை வாசலுக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சும்மா நிற்க முடியாமல் மேஜையிலிருந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து கழுவி வைத்தேன். அந்த வாரம் இப்படி ஏழு தடவை. கடைசி இரண்டு தடவை அவர் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு இப்போதைய கோமகன் வந்தார். அவருக்கும் அதே பெயர்தான். நிலம் நீச்செல்லாம் போய், பெரிய தெருவில் பல் வைத்தியம் பார்க்கிறார். தன் குலத்தை ஆரம்பித்த முதலாம் சீமானோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், கிளினிக்கில் பெரிதாக மாட்ட வேண்டும், நாளைப் பத்திரிகையிலும் வர வேண்டும் என்றார். முட்டித் தாடிக்காரர் பக்கத்தில் போய், அவரைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்றார். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடினார். கண்காணிப்பாளர் அம்மாவின் கையில் காகிதக் கட்டு, அதில் என்னை நிரந்தரமாக்கும் காகிதமும் இருந்தது. சும்மா இருந்தால் எனக்கு வேலை நிச்சயம். ஆனால் அந்த மனிதர் யாரோ ஒருவரை முப்பாட்டனார் என்று சொல்லிக்கொண்டு ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கப் போகிறாரே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

"நில்லுங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "தாடி வச்சுத்தான் மாட்டினோம்." பிறகு தொட்டி, காகிதம், கஞ்சி எல்லாம் வெளியே வந்துவிட்டது, நிறுத்தத் தெரியவில்லை.

பல் வைத்தியர் முட்டித் தாடிக்காரரை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்லயே யாரு யாருன்னு தெரியாதும்மா. அப்பாவுக்கு வந்த காதல் கடுதாசிய தாத்தா பிரிச்சுட்டாரு, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு இல்ல? பாட்டி மூணு மாசம் அவர்கூடப் பேசல."

கண்காணிப்பாளர் அம்மா சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து நாற்பது வருஷத்துக்கு முந்தைய போட்டோ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து எல்லாத் தகடுகளையும் நானும் தச்சர் மாமாவும் மாற்றினோம். முதலாம் சீமான் தாடையை மழமழவென்று சவரம் செய்து மீசை மட்டும் விட்ட, நாய் வைத்திருக்கும் ஆளாம். தச்சர் மாமாவுக்கு முகமே தொங்கிப்போனது. முடித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பேச்சு வரும்னு ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல? ஆறு மாசமா கையக் கையக் காட்டி எனக்குத் தோள்பட்டையே போச்சு" என்றவர், கட்டிலிருந்து என் வேலைக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "தப்பு பண்ணினா இனிமே வந்து சொல்லு. டீயக் குடிக்க விடு."

ஆகவே சித்தப்பா, வேலை நிரந்தரம். நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். சித்திக்கு என் அன்பு, அவர் முழங்காலுக்கு நான் தனியாக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவும். தம்பி தங்கைகளுக்கு முத்தம். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள
உங்கள் மகள் முறை

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும்போது இதைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. இன்று பல் வைத்தியர் டார்ச் விளக்கோடும் வீட்டுப் பழைய தஸ்தாவேஜோடும் வந்து, ஒவ்வொருவர் தாடையாகப் பார்த்தார். ஆல்பத்தில் இருந்த வரிசைதான் தப்பாம், நாற்பது வருஷமாகத் தப்பாம். முயல் பையனையும் வழுக்கைத் தாத்தாவையும் இடம் மாற்றினால், நாங்கள் தாடி வைத்து மாட்டியது அத்தனையும் சரி. போரில் கண் போனதும் பொய். அது வெறும் கண்கட்டி, இரண்டு வாரத்தில் ஆறிவிட்டதாம். வழிகாட்டி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை: "இருபது வருஷமா போயிருக்கற கண்ண இப்ப எப்படி வரவைக்கறது?" தச்சர் மாமா காலையிலிருந்து சவரம் செய்யாத கன்னத்தைத் தடவிக்கொண்டு உலாத்துகிறார். எனவே மேலே நான் தப்பு என்று எழுதியதைச் சரி என்றும், சரி என்று எழுதியதைத் தப்பு என்றும் வைத்துப் படிக்கவும். கண்காணிப்பாளர் அம்மா திருப்புளியை என் கையில் கொடுத்தார். தப்பே நடக்கவில்லை என்றால் நான் ஒப்புக்கொண்டது செல்லுமா, கையெழுத்து செல்லுமா, ஆல்பத்தை என்ன செய்வது, யார் சொன்னால் நம்புவது என்று அவரைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவர் நின்று, "பேசாம வேலையப் பாரு" என்றார். சித்தப்பா, என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.