மூடாத முனை

திரையில் ஒரே வரிதான் இருந்தது. டிஸ்க்கைக் காணவில்லையாம்.

பிளம்பர் அதை மூன்று தடவை படித்தார். மனைவி மூன்று மாதம் முதுகு வலிக்க உட்கார்ந்து மொழிபெயர்த்த நாவல் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு அவள் வந்து அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். முதல் தடவையாக அவள் பெயர் அட்டையில் வரப்போகிற புத்தகம். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். புது மாதிரி வால்வு ஒன்றை எப்படிப் பொருத்துவது என்று வீடியோ பார்க்கத்தான் அவர் அதைப் போட்டார். வேறு ஒரு பாவமும் செய்யவில்லை.

மணி பன்னிரண்டு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. தண்ணீருக்குக் குழாய், தகவலுக்கு வயர். அவ்வளவுதானே? பச்சைப் பலகை முழுக்க மெல்லிய கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், நாற்பத்தைந்து டிகிரி எல்போ போட்ட மாதிரி திரும்பித் திரும்பி ஓடின. செய்தவன் நல்ல வேலைக்காரன்.

ஆனால் ஒரு பட்டை வயரின் ஒரு முனை பலகையில் இருக்க, மறுமுனை அந்தரத்தில் தொங்கியது. இருபது வருடத் தொழிலில் திறந்த முனையை அப்படியே விட்டுவிட்டு அவர் எந்த வீட்டை விட்டும் வந்ததில்லை. தகவலெல்லாம் இதன் வழியாகத்தான் ஒழுகிப் போயிருக்கும். பலகையிலேயே அதற்குப் பொருத்தமான இன்னொரு வாய் காலியாக இருந்தது. செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பலகையில் புறப்பட்ட வயர் பலகைக்கே வந்து சேர்ந்தது.

போட்டுப் பார்த்தார். அதே வரி.

இறுக்கம் போதவில்லை என்று இன்னும் அழுத்தியதில், முழங்கை பட்டு மெமரி அட்டை கழன்று எகிறியது. இப்போது அந்த ஒரு வரியும் போய், பெட்டி விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. அட்டையை முன்னும் பின்னுமாகச் செருகிப் பார்த்தார். கத்தல் நின்றது. கூடவே விசிறியும் நின்றது.

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

"நீங்க சும்மா இருக்கேன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

போனை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போன வருடம் வாஷிங் மெஷினைப் பிரித்தபோது இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் சிரித்துவிட்டாள். இதற்குச் சிரிக்க மாட்டாள்.

வேறு வழியில்லாமல் மைத்துனனை அழைத்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அக்காவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன் என்பதால்தான் இவ்வளவு நேரம் கூப்பிடவில்லை. அவன் வந்து குனிந்து பார்ப்பதற்குள், வயரை அடைத்ததிலிருந்து விசிறி நின்றது வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

"உங்கக்கா கால்ல வேணும்னாலும் விழறேன். அந்த நாவலை மட்டும் எப்படியாவது மீட்டுக் குடுத்துடு."

மைத்துனன் வளைந்து கிடந்த வயரைப் பிடுங்கி ஒரு நிமிடம் பார்த்தான்.

"டிஸ்க் இதுல இல்லவே இல்ல அத்தான். நீங்க இன்னிக்கு வீட்ல தனியா இருப்பீங்கன்னு, காலையில நீங்க குளிக்கப் போனதுமே அக்கா என்னை வரச்சொல்லி, அதைக் கழட்டி மூணு மணி வரைக்கும் கடையில பத்திரமா வெச்சிருக்கச் சொல்லிட்டா."