காயாத ஏரி

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்குத் தயிருக்கு உறை ஊற்றத் தெரியாது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நம்பாதீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்திருந்ததுதான் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கள்ளிக்குப்பத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சுருள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. (சுருள் செய்வது மற்றவர்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது நான்.) பக்கத்து செக்‌ஷனில் என் நண்பன் ஏழுமலை, தேன் மாதிரி இருக்கும் ரெசினில் ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்து சுருள்மேல் ஊற்றுவான். மறுநாள் அது கல்லாக இறுகி, கண்ணாடியாக மின்னும். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசை.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் அண்ணனூரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெண், உங்கள் அம்மா. (அதுவரை என்னை அவள் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். நல்ல போட்டோ.) அவளுடைய அப்பா, அதாவது உங்கள் ஆரோக்கியசாமி தாத்தா, ரயில் ஷெட்டில் ஃபிட்டர். எதையும் விரலால் அழுத்திப் பார்க்காமல் நம்பமாட்டார் என்று கேள்வி. என் அம்மாவோ, "எம்புள்ள கைவேலைல கெட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கைவேலை என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

எல்லார் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலிலும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, சுற்றி மணலைக் கொட்டினால் அதுதான் குளம். நான் கடையில் ஒரு டின் ரெசினும் ஹார்டனரும் வாங்கிவந்து, ஏரியே கட்டுவது என்று தீர்மானித்தேன். ஏழுமலையிடம் கேட்டேன்.

"பத்துக்கு ஒண்ணு மச்சான். தராசுல எடை போட்டு ஊத்து. கண்ணால அளக்காத."

"இந்தக் குளிர்ல காயுமா?"

"லேட்டாவும். ஆனா காயும்."

லேட்டாகும் என்றதுமே காலண்டரைப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். மார்கழியில் பால் சீக்கிரம் உறைய என் அம்மா என்ன செய்வாள்? உறை மோரைக் கொஞ்சம் கூட ஊற்றுவாள். நானும் அதையே செய்தேன். தராசுக்குப் பதில் டீ ஸ்பூன். ஒரு பங்குக்குப் பதில் இரண்டு பங்கு. தகரத் தட்டில் ஊற்றி, நான்கு வாத்து பொம்மைகளை மிதக்கவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தொட்டேன். பலாப்பழப் பிசின். பயத்தில் மேலாக இன்னொரு ஸ்பூன் ஹார்டனர் ஊற்றினேன். மத்தியானம் குண்டு பல்பைத் தட்டுக்குமேல் தொங்கவிட்டேன். சாயங்காலம் இரண்டு வாத்துகள் கழுத்துவரை இறங்கிவிட்டன. கிறிஸ்துமஸ் காலையில், வேறு வழி தெரியாமல், ஏரி முழுக்க முகப்பவுடரைத் தூவினேன். பெத்லகேமில் பனி பெய்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

தாத்தா வந்தார். நாற்காலியை ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தார். கதவின் கீலைப் பார்த்தார். கேக்கை மெதுவாகத் தின்றார். பிறகு குடிலுக்கு முன் குனிந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. (ஏரியைவிட நன்றாகவே ஒட்டியது.)

"ஏரி நல்லா கீதே" என்று ஒரு விரலால் அழுத்தினார். விரலைத் தூக்கினார். ஏரியும் கூடவே எழுந்தது. கடைசியில் ஒரு வாத்து அவர் விரலில் தொங்கியது.

"தம்பி, இது ஏரியா, அல்வாவா?"

"டின்னு பழசுங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான். சாயங்காலம் காஞ்சிடும்" என்று முந்திக்கொண்டாள் என் அம்மா. நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

தாத்தா தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி விரலைத் துடைத்துக்கொண்டார். டீயைத் தொடவே இல்லை. "காஞ்சதும் சொல்லி அனுப்புங்க, வரோம்" என்று எழுந்துவிட்டார்.

அதன்பின் ஒரு வாரம் நான் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை ஏரியை அழுத்திப் பார்த்தேன். அம்மா அண்ணனூருக்கு ஆள்மேல் ஆளாக "காயுது, காயுது" என்று சொல்லி அனுப்பினாள். அது காயவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஏழுமலையைக் கூட்டிவந்து காட்டினேன். உறை மோர்க் கணக்கைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"மோருன்னா பெருகும்டா! இது அப்டியில்ல. பத்துக்கு ஒண்ணுன்னா ரெண்டும் சரியா கை கோத்துக்கும், இறுகிடும். நீ கூட ஊத்துனது கோக்க கை இல்லாம உள்ளயே சுத்திகினு கீது. உன் பேரன் வந்தாலும் இது காயாது மாமே."

பேரனா? அதற்கு முதலில் கல்யாணம் ஆக வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை தட்டைத் துணியில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். அண்ணனூர் இரண்டாவது ஸ்டேஷன். அன்றைக்கு இருபது ஸ்டேஷன் போலிருந்தது. இறங்கும்போது துணி ஏரியோடு ஒட்டிவிட்டிருந்தது.

"மாமா, இது எப்பவும் காயாது" என்றேன், வாசலில் நின்றபடியே.

"டின்னு பழசுன்னாங்களே?"

"டின்னு புதுசுதான். தராசு இல்லாம நான்தான் ரெண்டு மடங்கு ஊத்துனேன்."

"இன்னாத்துக்கு?"

"உறை மோர் மாதிரின்னு நெனச்சி..."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. உங்கள் அம்மாவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

தாத்தா சிரிக்கவில்லை. தட்டை வாங்கிப் பார்த்தார். "ஒரு வாரமா காயுதுன்னு சொல்லிகினு கீறாங்க. நீ ஒருத்தன்தான் காயாதுன்னு சொல்ற" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "டீ போடும்மா" என்றார்.

அந்தத் தட்டு இன்றும் நம் பரண்மேல்தான் இருக்கிறது. வருஷா வருஷம் குடிலில் அதை வைக்கிறோம், தாத்தாவும் வந்து விரலால் அழுத்திப் பார்க்கிறார். போன கிறிஸ்துமஸுக்கும் அழுத்தினார். விரலைத் துடைத்துக்கொண்டே, உங்கள் அம்மா காதில் விழும்படி சொன்னார்:

"இன்னும் ஈரமாத்தான் கீது மாப்ளே. கல்யாணத்த அவசரப்பட்டுப் பண்ணிட்டமோ?"