ஊதினால் ஊதியம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது மனிதன் பாதி நாகரிகம்தான் அடைந்தான். அந்தச் சக்கரத்தை ஓட்டுகிறவன் வாயில் ஒரு குழாயைச் செருகி, "ஊது" என்று சொன்ன நாளில்தான் மீதிப் பாதியும் வந்து சேர்ந்தது. அந்த மீதிப் பாதி இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் பஸ் டிப்போ வாசலில், ஒரு பிளாஸ்டிக் மேஜை மேல் இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் நான்.

பெயர் அகல்யா. பதவி, 'பாதுகாப்பு மற்றும் விதியிணக்க அலுவலர்'. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கும் ஐ.டி. ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போய் அவரவர் கம்பெனியில் இறக்கிவிடும் பஸ்கள் எங்களுடையவை. பஸ் கிளம்புமுன் ஓட்டுநர் என் முன்னால் நின்று ஊத வேண்டும். நான் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகே சாவி. ஊதியம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைத்தது எங்கள் நிறுவனத்தில்தான். ஊதாதவருக்கு அது கிடையாது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். உள்ளே காசு அளவுக்கு ஒரு தகடு, அதன் மேல் பிளாட்டினப் பூச்சு. மூச்சில் சாராயம் இருந்தால் அது தகட்டில் பட்டு, வினிகரில் இருக்கும் அமிலமாக மாறும். மாறும்போது துளி மின்சாரம் பிறக்கும். சாராயம் எவ்வளவோ மின்சாரம் அவ்வளவு. அதை எண்ணாக்கித் திரையில் காட்டிவிடும். மற்ற இடங்களில் குடியினால் சண்டைதான் பிறக்கிறது. எங்கள் மேஜையில் மின்சாரம் பிறக்கிறது.

சட்டம் கொஞ்சம் தாராளமானது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளும். நாங்கள் பூஜ்யத்துக்கு மேல் எதையும் பொறுப்பதில்லை. கஞ்சா வகையறாவுக்கு மாதந்தோறும் சிறுநீர்ச் சோதனை உண்டு. இதுவரை அதில் யாரும் சிக்கவில்லை. ஒருமுறை சாம்பிள் டம்ளர் ஒன்று காணாமல் போய் கேன்டீனில் கிடைத்தது. அன்று முதல் ஓட்டுநர்கள் டீயைக் கண்ணாடி கிளாஸில்தான் கேட்டு வாங்குகிறார்கள். இதையும் ஒரு விழிப்புணர்வு என்றே நான் கருதுகிறேன்.

இந்த விதிகளை எங்களுக்கு அருளியது வெளிநாட்டுத் தலைமையகம் கொண்ட ஒரு வாடிக்கையாளர் நிறுவனம். அவர்களுடைய கொள்கைப்படி, குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன் குற்றவாளி அல்லன், நோயாளி. ஆகவே அவனைத் திட்டக் கூடாது, சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, முழுதாக ஒரு நாள் படுக்க வைக்க வேண்டும். அதற்காக டிப்போவின் பின்பக்கம் 'தெளிவு அறை' கட்டினோம். ஏ.சி., நல்ல மெத்தை, எலுமிச்சைச் சாறு, எழுந்ததும் அரைமணி நேர போதனை. போதையும் போதனையும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது இந்த வட்டாரத்தில் எங்களிடம் மட்டுமே.

அந்த விதிகளில், ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்றும் ஓர் அத்தியாயம் இருந்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் அதற்கென்று ஒரு பிரிவு இருப்பதாகக் கேள்வி. ஆனால் அதை அளக்கக் குழாய் வைத்த கருவி எதுவும் கடையில் கிடைக்கவில்லை. எனவே அந்த அத்தியாயத்தை 'இரண்டாம் கட்டத்தில்' அமல்படுத்துவது என்று தீர்மானித்தோம். முதல் கட்டம் இன்னும் முடியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் கறையாக வந்தவர் கன்னியப்பன். மேனாம்பேட்டுக்காரர், எங்கள் மூத்த ஓட்டுநர்களில் ஒருவர். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குடும்பத்துக்கான ஒதுக்கீடு முழுவதையும் அவர் அப்பாவே குடித்துத் தீர்த்துவிட்டார் என்பது டிப்போவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆட்கள் பலர் வேலையை விட்டு ஆப் டாக்சி ஓட்டப் போய்விட்டதால், அவர்கள் விட்டுப்போன டிரிப்புகளும் கன்னியப்பன் தலையில் விழுந்தன. ஆவடி டிரிப் முடிந்தால் பூந்தமல்லி, அது முடிந்தால் ஒரகடம் ஃபேக்டரி, அது முடிந்தால் மறுபடி ஆவடி.

ஒரு நாள் காலை ஊதினார். 0.00. நான் மனமாரப் பாராட்டினேன். அவர் நகரவில்லை.

"மேடம், நேத்து காலைல ஊட்ட உட்டு வந்தவன், இன்னும் ஊடு போய் சேரல. ஸ்டியரிங்க புட்ச்சா ரோடு ரெண்டா தெரியுது. இன்னிக்கு ஒரு நாள் உட்ருங்க. தூங்கி எய்ந்து வந்துடறேன்."

"குடிச்சிருக்கீங்களா?"

"அய்ய, இன்னா மேடம், என்னைப் போயி."

"அப்புறம் என்ன பிரச்சினை? கருவியே உங்களை ஃபிட்டுனு சொல்லிடுச்சு."

ரோடு ரெண்டாகத் தெரிவது போதையின் அறிகுறிதான் என்றாலும், போதை இல்லாமல் அப்படித் தெரிந்தால் அது கணக்கில் வராது என்று பொறுமையாக விளக்கினேன். தூக்கத்துக்குத் திரையில் எண் கிடையாது. எண் இல்லாத ஒன்றுக்கு நான் எப்படிச் சான்றளிப்பது? இருந்தாலும் மனிதாபிமானத்துடன் விஷயத்தை ஆபரேஷன்ஸ் மேலாளர் பூபாலனிடம் கொண்டு போனேன். அவர் ஆழமாக யோசித்தார்.

"கொட்டாவிக்கெல்லாம் லீவு குடுத்தா, அப்புறம் கம்பெனியே கொட்டாவி விட்டுடும்மா. வண்டியை எடுக்கச் சொல்லு."

கன்னியப்பன் சாவியை வாங்கிக்கொண்டு போகும் வழியில்தான் தெளிவு அறை. அங்கே மெத்தையில் மதுரைவீரன் படுத்திருந்தார். அவரும் ஓட்டுநர்தான். கொள்கையின் முழுப் பயனையும் அனுபவிப்பவர், மாதம் இரண்டு முறையாவது நோயாளி ஆகிவிடுவார். கன்னியப்பன் கதவருகே நின்று அந்த மெத்தையைப் பார்த்த பார்வையை, கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவர்களிடம் மட்டுமே நான் கண்டிருக்கிறேன்.

"இன்னா மாமே, பாத்துகினே நிக்கிற?" என்றார் மதுரைவீரன்.

"நீ ஏன்யா பட்த்துகினு கீற?"

"நான் குட்ச்சேன், பட்த்துகினு கீறேன். நீதான் குடிக்கலியே, போய் ஓட்டு."

எங்கள் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை.

அடுத்த வாரம் கன்னியப்பன் ஊதியபோது கருவி சிவப்பாக அலறியது. எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் வாயிலிருந்து புதினா வாசனை வந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்து. அதிலும் சாராயம் உண்டு, ஆனால் அது வாயோடு நிற்கும், கால் மணி நேரத்தில் போய்விடும், நிஜமாகக் குடித்தால்தான் நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் தங்கும். இதையெல்லாம் படம் வரைந்து அவருக்கு விளக்கினேன். விளக்கத்தை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். அன்று அவருக்குக் கிடைத்த மொத்த ஓய்வும் அதுதான். எழுப்பி மறுபடி ஊதச் சொன்னேன். பூஜ்யம். கைகுலுக்கி அனுப்பிவைத்தேன். விஞ்ஞானத்தை ஏமாற்ற முடியாது.

ஆகவே கன்னியப்பன் விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டார். நிஜமாகவே குடித்தார்.

ஏற்பாடு செய்தவர் மதுரைவீரன். கன்னியப்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கால் டம்ளரை மூன்று தடவையாக விழுங்கினார் என்றும், முடித்ததும் மறைந்த தன் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்றும் பிறகு சொன்னார்கள். என் மேஜைக்கு வந்தபோது கம்பீரமாக ஊதினார். எண் ஏறியது. கால் மணி நேரம் காத்திருந்தேன். இறங்கவில்லை. தெளிவு அறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். எலுமிச்சைச் சாறு வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

விதிப்படி குடும்பத்துக்குத் தகவல் போனது. 'உங்கள் கணவர் போதையில் இருக்கிறார், ஆலோசனைக்கு வரவும்.' அவர் மனைவி நாகவல்லி ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். கையில் துடைப்பம் இல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. தெளிவு அறைக்குள் போய், வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மனிதரை வெகுநேரம் பார்த்தார். விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டார். நான் குடும்பங்களுக்கான ஆலோசனையை ஆரம்பித்தேன். அவர் உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினார்.

"மெதுவா பேசும்மா, எய்ந்துக்கப் போறாரு. இவரு இப்டி தூங்கிப் பாத்து ரெண்டு வர்சம் ஆவுது. இன்னா சரக்குனு மட்டும் கேட்டுச் சொல்லு. ஞாயித்துக்கெயமைன்னா நானே வாங்கியாந்து குடுக்கறேன்."

நான் ஆலோசனைக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சரக்குப் பட்டியல் அதில் இல்லை.

செய்தி பரவியது. அதுவரை சத்தியமாகக் குடிக்காத ஓட்டுநர்கள் வரிசையாக நோயாளி ஆனார்கள். ஒரே குவார்ட்டரைப் பங்கிட்டு, ஆளுக்கு ரெண்டு மூடி என்று மருந்து போலக் குடித்துவிட்டு வந்தார்கள். மெத்தை போதாமல் தரையில் பாய் விரித்தோம். பஸ்கள் நின்றன. ஐ.டி. ஊழியர்கள் அண்ணனூரிலும் ஆவடியிலும் ரயில் ஏற ஓடினார்கள். வாடிக்கையாளர் நிறுவனம் விளக்கம் கேட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. கூட்டங்களில் எனக்கு அபார நம்பிக்கை உண்டு. நான் வரைபடம் போட்டுக் காட்டினேன். கோடு மேலே மேலே போனது. இவர்களுக்குத் தூக்கம் தேவைப்படுகிறதோ என்று லேசாகச் சொல்லியும் பார்த்தேன்.

பூபாலன் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். "மெத்தை வாங்கறதுக்கு முன்னாடி இத்தனை பேர் குடிச்சாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எது காரணம்?"

இத்தனை காலமாக மதுவிலக்குக்குப் போராடிய யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருந்தது. குடிக்குக் காரணம் மெத்தை.

அன்று மாலையே மெத்தையை அப்புறப்படுத்தினோம். ஏ.சி. பூபாலன் அறைக்குப் போனது. நோயாளிக் கொள்கையையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, இனிமேல் எண் ஏறினால் வேலை போகும் என்று அறிவிப்பு ஒட்டினோம். மறுநாள் காலையில் டிப்போவே பூஜ்யம். குடி அடியோடு நின்றது. வாடிக்கையாளர் நிறுவனம் எங்களுக்கு 'தெளிந்த சாலை' கேடயம் வழங்கியது. அதை வாங்கும் புகைப்படத்தில் நான் பூபாலனுக்கு இடப்பக்கம் நிற்கிறேன். மது விலக்கையும் தூக்க விலக்கையும் ஒரே நாளில் சாதித்த நிறுவனம் வேறு இருந்தால் சொல்லுங்கள்.

இன்று காலை கன்னியப்பன் வந்தார். ஒரகடத்திலிருந்து நேராக வந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து வந்து மேஜையைப் பிடித்து நின்றார். வெளியே அவருடைய பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஷிப்ட் முடிந்து ஒரகடத்தில் ஏறிய பயணிகள் ஜன்னல்களில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்," என்றார். "இப்ப நான் ஆவடிலேர்ந்து வரேனா, ஆவடிக்குப் போறேனா?"

"முதல்ல ஊதுங்க," என்றேன்.

குழாயை நானே அவர் உதட்டில் வைத்தேன். ஊதினார். சீரான, நீளமான, ஆழமான மூச்சு. என் அனுபவத்தில் இவ்வளவு தரமான சாம்பிள் கிடைத்ததில்லை. தூக்கத்தில் விடும் மூச்சுதான் அவ்வளவு ஆழத்திலிருந்து வரும்.

0.00.

கண்ணை மூடிக்கொண்டேதான் ஊதினார். நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.